பின்வாங்கலுக்கு இன்னொரு பெயர்

என் மனைவிக்குச் சர்வாதிகாரிகள் என்றால் உயிர். பதற வேண்டாம். பூச்சி ஆராய்ச்சி செய்கிறவருக்குக் கரப்பான் மேல் இருக்கும் பிரியம் அது. மாண்ட்ரியலில் ஒரு கல்லூரியில் அவள் வரலாறு நடத்தினாள். அதிலும் போர்கள். போர்களிலும், ஒரே ஒரு மனிதர் எடுத்த முடிவால் ஒரு நாடே தலைகுப்புற விழுந்த போர்கள். ஒரு படை ஏன் தோற்றது என்று கேட்டால் மற்றவர்கள் டாங்கியையும் பெட்ரோலையும் பனியையும் சொல்வார்கள். இவள், மேலே உட்கார்ந்திருந்தவர் அன்று யார் மேல் கோபமாக இருந்தார் என்பதிலிருந்து ஆரம்பிப்பாள்.

நான் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். கர்க்லாண்டில் வீடு, வாசலில் ஒரு மேப்பிள் மரம், பனி தள்ளித் தள்ளி நிரந்தரமாகிப்போன முதுகுவலி. எனக்குப் போரும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம், சாப்பாடு சூடாக இருந்தால் போதும். ஆனால் எங்கள் மேஜையில் ரசக் கிண்ணம் ரஷ்யாவின் ஒரு பெரிய ஆறாக இருக்கும். அப்பளம், எதிரிகள் சுற்றி வளைத்த நகரம். எடுக்கப் போனால், "தொடாதீங்க, உள்ளே ஒரு படையே மாட்டிக்கிட்டிருக்கு" என்பாள். அவள் கதையை முடிப்பதற்குள் அப்பளம் நமுத்துவிடும். அத்தனை வருஷம் நமுத்த அப்பளம் தின்றவன் சொல்கிறேன்: அவளைப்போல் ஒரு போரைக் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மகள் கார்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தைகள் காப்பகத்தை அந்த ஊரில் எல்லோரும் பிரெஞ்சுப் பெயரிட்டு அப்படித்தான் சொல்வார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். எங்கள் மகள் அவரிடம் பிரெஞ்சையும் யாழ்ப்பாணத் தமிழையும் ஒன்றாகக் கலந்து கற்றுக்கொண்டு வந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டால், ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பாள். சென்னையிலிருந்த என் மாமனார் அதைப் போனில் கேட்டுவிட்டு, பேத்தி இந்த வயசிலேயே பிரணவம் சொல்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். நாங்கள் திருத்தவில்லை. மனிதருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தப் பெண்மணி என் மனைவிக்குத் தோழியானார். அவளை "அக்கா" என்பார், என்னை "அண்ணை" என்பார். அவர்களுடைய பங்குக் கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை பெண்கள் கூடுவார்கள். யாராவது வந்து ஏதாவது பேசுவார்கள். பல் மருத்துவர் ஒருவர் பேசி முடித்திருந்தார். அடுத்து என் மனைவி வரவேண்டும், தலைப்பு அவள் இஷ்டம் என்று தோழி கேட்டுக்கொண்டார். இவள் யோசிக்கவேயில்லை. ஒரு மனிதரின் பிடிவாதமும் ஒரு நாட்டின் தோல்வியும் என்று சொல்லிவிட்டாள்.

 அவர்கள் ஊரில் போர் நடக்கிறது, மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அங்கே ஆள் இருக்கிறது, யார் காதில் எது எப்படி விழும் என்று யாருக்குத் தெரியும், பேசாமல் கோலத்தைப் பற்றிப் பேசேன் என்றேன். தனக்குக் கோலம் போடத் தெரியாது என்றாள். அத்தோடு விவாதம் முடிந்தது. பேச்சைத் தமிழில் எழுதுவதற்கு மட்டும் என்னை உதவிக்கு வைத்துக்கொண்டாள். படை திரும்பி வருவதற்கு என்ன சொல் என்று கேட்டாள். "பின்வாங்கல்" என்று எடுத்துக் கொடுத்தேன். நல்ல தமிழ்ச் சொல் கொடுத்த பெருமை எனக்கு.

மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் கூட்டம் என்று பெயர், ஆனால் பின்வரிசை முழுக்க ஆண்கள் கைகட்டி நின்றார்கள். தேநீரும் சுடச்சுட ரோல்ஸும் ஒரு மூலையில் காத்திருந்தன. நான் கதவோரமாக, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் ஜெர்மனியின் சர்வாதிகாரியைப் பற்றிப் பேசினாள். ரஷ்யாவில் முதல் பனிக்காலம் வந்தபோது தளபதிகள் பின்னால் வந்துவிடலாம் என்றார்கள். அவர், ஓர் அடிகூட நகரக்கூடாது என்றார். படை எப்படியோ பிழைத்துக்கொண்டது. அன்று பிழைத்ததுதான் அந்த நாட்டுக்கு வந்த கேடு என்றாள் என் மனைவி. படித்த தளபதிகள் எல்லோரும் பயந்தாங்கொள்ளிகள், தன் பிடிவாதம்தான் மேதைமை என்று அவர் நம்பிவிட்டார். அடுத்த பனிக்காலத்தில், ஆற்றங்கரை நகரம் ஒன்றில் ஒரு படை முழுக்கச் சுற்றி வளைக்கப்பட்டபோதும் அதே உத்தரவுதான். அந்த நகரத்தை விட்டு நகரமாட்டோம் என்று ஏற்கெனவே ஊரறிய மேடையில் பேசித் தொலைத்திருந்தார். பேசிய பேச்சைத் திரும்பப் பெறுவதைவிட ஒரு படையையே கொடுத்துவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பின்வாங்கல் என்ற சொல்லை அவர் காதுபடச் சொல்லவே ஆளில்லை. இதையெல்லாம் அவள் குரலை உயர்த்தாமல், சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொன்னாள்.

 பின்வரிசையில் ஒருவர் கையைப் பிரித்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"நீங்கள் இப்ப ஆரைச் சொல்லுறியள்?"

நான் கார் சாவியோடு எழுந்து நின்றுவிட்டேன். அவளோ அவரை நேராகப் பார்த்தாள்.

"நான் ஜெர்மன்காரரைத்தான் சொல்றேன் சார். உங்களுக்கு வேற யாராவது ஞாபகம் வந்தா, அது உங்க ஞாபகம்."

முன்வரிசையில் ஒரு அம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கைகட்டிக்கொண்டார். பிற்பாடு அதே மனிதர்தான் எனக்கு ரோல்ஸ் தட்டை நீட்டி, "உங்கட மனிசி கெட்டிக்காரி" என்றார். அதை நான் ஒரு பதக்கம்போல வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

ஆனால் அன்றைக்கு முக்கியமான கேள்வியைக் கேட்டவர் தோழிதான். அந்த மனிதருக்குக் கீழே இருந்த எல்லோருமே அழிந்துபோனார்களா, ஒருவருமே தப்பவில்லையா என்று கேட்டார். சிலர் தங்கள் ஆட்களைத் தப்பவைத்தார்கள் என்றாள் என் மனைவி. ஒரு தளபதி கேட்காமலேயே வெளியேறிவிட்டு, பிறகு தகவல் சொன்னார். வேறு சிலர் சொல்லை மாற்றினார்கள். பின்வாங்குகிறோம் என்று சொன்னால் அனுமதி கிடைக்காது. வரிசையை நேராக்குகிறோம், இடம் மாறி நிற்கிறோம் என்று சொன்னால் சில சமயம் கிடைத்தது. தோழி கையில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் அழுதார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையோரம், இராணுவ முகாமிலிருந்து ஷெல் வந்து விழும் தூரத்தில் வீடு. கூட அம்மாவும், கல்யாணமாகாத தங்கையும். தெருவே காலியாகிவிட்டது, அப்பா மட்டும் அசையமாட்டேன் என்கிறார். வாழ்நாளெல்லாம் கொடி காட்டி மற்றவர்களை அனுப்பிவைத்த மனிதர், தான் மட்டும் புறப்படமாட்டாராம். முன்பு ஒருமுறையும் ஊர் முழுக்க ஓடியது, அவர் மட்டும் இருந்தார். ஓடினவர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன, இவருடைய வீடு தப்பியது. அது எப்போது என்று நான் கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் இந்திய இராணுவம் அங்கே போயிருந்த காலம் என்று தோழி மெதுவாகச் சொன்னார். 

"அதுதான் அவருக்கு முதல் பனிக்காலம்" என்றாள் என் மனைவி.

"தங்கச்சி அம்மாவை விட்டிட்டு வரமாட்டாள். அம்மா அப்பாவை விட்டிட்டு வரமாட்டா. ஒரு ஆளின்ர வாயில மூண்டு உயிர் நிக்குது அக்கா" என்றார் தோழி.

அங்கே போன் கிடையாது. கொழும்பில் இருக்கும் மச்சாளிடம் இங்கிருந்து போனில் சொல்லவேண்டும். அவ்வப்போது யாழ்ப்பாணம் போய்வருகிற ஒரு பாதிரியார் இருந்தார். சுவாமி என்று அவரைச் சொல்வார்கள். மச்சாள் அவரிடம் சொல்லி அனுப்ப, அவர் வீடு தேடிப்போய் வாய்மொழியாகச் சொல்வார். தோழி பலமுறை அப்படிச் சொல்லியனுப்பிவிட்டார். வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ என்றுதான் ஒவ்வொரு முறையும். புறப்படுவதை அவர்கள் வெளிக்கிடுவது என்பார்கள். அப்பாவிடமிருந்து வந்த பதில், ஸ்டேஷன் மாஸ்டர் கடைசியாகத்தான் இறங்குவார் என்பது. அங்கே ரயில் ஓடி வருஷக்கணக்காகிவிட்டது.

வெகுநேரம் பேசினோம். நானும் என் பங்குக்கு, அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லலாமே என்றேன். இரண்டு பெண்களும் பார்த்த பார்வையில் அப்பளம் பொரித்திருக்கலாம். கடைசியில் தோழி எழுந்தார். பஸ் பிடித்து, மெட்ரோ பிடித்து வீடு போகவேண்டும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதவருகில் வழக்கம்போல, "அப்ப போட்டு வாறன் அக்கா" என்றார்.

என் மனைவி கதவுப்பிடியில் கையை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னீங்க?"

"போட்டு வாறன் எண்டு சொன்னனான்."

"அதான். அப்பாகிட்ட இதுவரைக்கும் எல்லாரும் போங்க, போங்கன்னுதான் சொல்லியிருக்கோம். போய்ட்டு வாங்கன்னு யாருமே சொல்லலையே."

தமிழ் பேசுகிறவர்கள் யாரும் வாசலில் நின்று போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். சென்னையிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, போய்விட்டு வருகிறேன் என்றுதான் வாயில் வரும். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் கிளம்புவோம். அந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் எல்லோருமாகச் சேர்ந்து போகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? நான் பெருமையாக எடுத்துக் கொடுத்த பின்வாங்கல் என்ற சொல்லில் வருவது என்ற பேச்சே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தோழி ஜாக்கெட்டோடு மறுபடியும் உட்கார்ந்தார். எங்கே போய்விட்டு வரச் சொல்வது என்பதை அவரே கண்டுபிடித்தார். மடு மாதா கோயில். காட்டு நடுவில், சண்டையிலிருந்து விலகியிருந்த இடம். ஏற்கெனவே நிறையப் பேர் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஆவணித் திருநாள் வரப்போகிறது. அப்பா வேலையில் இருந்த காலமெல்லாம் மடுத் திருநாளுக்கு ஸ்பெஷல் ரயில் விட்டுக் கொடி காட்டியவர். டியூட்டி இருந்ததால் திருநாளன்று ஒருநாளும் மடுவில் நின்றதில்லை. மகள் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாள், வீட்டார் மூன்று பேரும் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரவேண்டும் என்று சொல்லியனுப்பினால் போவார். ஆனால் தோழி உடனே தலையை ஆட்டினார்.

"மாதாவின்ர பேரில பொய் சொல்லேலாது அக்கா."

"பொய் எதுக்கு? நிஜமாவே நேர்ந்துக்கோங்க" என்றாள் என் மனைவி.

அந்தச் சனிக்கிழமை, மலைமேல் இருக்கும் சூசையப்பர் கோயிலுக்குப் போனோம். அங்கே முழங்காலால் ஏறுகிறவர்களுக்கென்று நடுவில் தனியாக மரப்படிகள் உண்டு. தோழி கீழ்ப்படியில் மண்டியிட்டார். ஒவ்வொரு படியிலும் நின்று, ஜெபம் சொல்லி, அடுத்த படிக்குப் போனார். நல்ல வெயில். என் மனைவி அவருடைய செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் படிகளில் கூடவே ஏறினாள். சரஸ்வதி பூஜையைக்கூட என் தலையில் கட்டிவிட்டுப் புத்தகம் படிக்கிறவள். பார்க்கிங் கிடைக்காத கோபத்தில் வந்த நான், அந்த இரண்டு பேரையும் கீழே நின்று பார்த்தேன். எதற்காகக் கோபமாக இருந்தேன் என்பதே மறந்துபோனது. அவர்களை அறிந்தவன் என்பதில் அன்று எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை.

தோழி எங்கள் வீட்டுக்கு வந்து கொழும்புக்குப் போன் போட்டார். மச்சாளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். வெளிக்கிடச் சொல்லக்கூடாது. பாதுகாப்பு என்ற பேச்சே வரக்கூடாது. மகள் இங்கே முழங்காலில் ஏறி நேர்ந்திருக்கிறாள், மடுவுக்குப் போட்டு வரட்டாம். அதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம். அத்தனை கவனமாக ஒரு உத்தரவை எந்தத் தளபதியும் எழுதியிருக்கமாட்டார்.

பிறகு ஒரு தகவலும் இல்லை. சுவாமி யாழ்ப்பாணம் போனார் என்று தெரிந்தது; அவர்களைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. திருநாள் வந்து போனது. ஜான்-டலோன் சந்தையில் தக்காளி மலிந்து, பூசணி வந்து, அதுவும் குறைந்தது. கியூபெக் தனிநாடாகப் பிரிவதா வேண்டாமா என்று ஊரே வாக்களித்த அந்த வாரம், இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் மழையில் புறப்பட்டு நடந்தது என்று செய்தி வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் எந்த நாட்டில் இருக்கப்போகிறோம் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். தோழி வேலைக்கு வரவில்லை. என் மனைவி சாப்பாட்டு மேஜையில் போரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்பளம் மொறுமொறுவென்று இருந்தது. யாரும் தொடவில்லை.

நவம்பர் கடைசியில் தோழியின் தங்கை எப்படியோ வவுனியா வந்து ஒரு போனைப் பிடித்தாள். மச்சாளுக்குச் சொல்லி, மச்சாள் மாண்ட்ரியலுக்குச் சொல்லி, தோழி எங்களுக்குச் சொன்னபோது பாதி சிரிப்பு, பாதி அழுகை. மூன்று பேரும் திருநாளுக்கு முன்பே மடுவுக்கு வந்துவிட்டார்கள். நேர்த்தி என்று சுவாமி சொன்னதும் அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லையாம். ஒரு பையில் மாற்றுத்துணி, ஒரு கட்டு மெழுகுதிரி, அவ்வளவுதான். வீட்டு வாசல் படலையைத் தாண்டும்போது குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி உள்ளே போனாராம். வந்தபோது கையில் குடை இல்லையாம். வயசாகிவிட்டது, எதற்குப் போனோம் என்பதே மறந்துவிட்டது என்று தங்கை சிரித்திருக்கிறாள். மடுவில் நேர்த்தி முடிந்ததிலிருந்து, வீட்டில் கட்டிவைத்த ஆடு தனியே நிற்கிறது, நாளைக்குப் போகவேண்டும், நாளைக்குப் போகவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். ஆனால் ஒருநாளும் போகவில்லை. ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும். பிறகு பாதையும் மூடிவிட்டது.

சில வருஷம் கழித்து மூவரும் மாண்ட்ரியலுக்கு வந்துசேர்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி அவர்களை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மெலிந்த, நிமிர்ந்த மனிதர். எங்கள் கடிகாரம் பிந்துகிறது என்று வந்தவுடனே சொல்லித் திருத்தி வைத்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. அவருடைய வீடு இருந்த இடத்தில் இப்போது சுவர்கூட இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நடந்ததையெல்லாம் மகள் அவரிடம் சொல்லியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் சமையலறைப் பக்கம் போனதும், அந்த ஜெர்மன்காரனின் சண்டையைச் சொல்லச் சொல்லி என் மனைவியைக் கேட்டார். அவள் ரசக் கிண்ணத்தை ஆறாக்கி, மிஞ்சியிருந்த அப்பளத்தை நகரமாக்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

"அவனுக்கு ஆரும் ஒரு சொல்லுக் குடுக்கேல்லையோ, பிள்ளை? எனக்கு நீங்கள் குடுத்தனீங்கள்தானே."

என் மனைவி ரசக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"குடுத்தாங்க ஐயா. அவர் வாங்கிக்கலை. நீங்க வாங்கிக்கிட்டீங்க."

 அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குடை எடுக்கவெண்டு நான் திரும்பிப் போனதைச் சின்னவள் சொல்லியிருப்பாள். குடை எடுக்கப் போகேல்லை, பிள்ளை. ஆட்டை அவிழ்த்து விடப் போனனான்."

திரும்பி வரப்போகிறவர் ஆட்டை அவிழ்த்துவிடமாட்டார் என்பது எனக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆனது. என் மனைவிக்கு உடனே புரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் மடுவில் ஆடு தனியே நிற்கிறது என்று ஏன் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள்.

"என்ர மனிசிக்குத் திரும்பிப் போக ஒரு ஆடு வேணுமே."

அதற்குள் அவருடைய மனைவி பாயசக் கிண்ணங்களோடு வந்துவிட்டார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, இவர் இங்கேயும் அந்த ஆட்டுக் கதையைத் தொடங்கிவிட்டாரா, அது பாவம், எங்களைக் காணாமல் தேடியிருக்கும் என்றார்.

"ஓம்" என்றார் அவர், பாயசத்தை வாங்கிக்கொண்டு. "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரவேணும்."